ஷாதிபூர் ஷீலாவின் கறுப்புக் கட்டி

கடல் அடித்துக்கொண்டு போன பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு நகல் கேட்டு மூன்று வருடம் அலைந்து வாங்கினாள். நாற்பத்தொரு பேர் விண்ணப்பித்த ஒரே ஒரு வேலையை, அதில் பதினாறு பேர் பட்டதாரிகளாக இருந்தும், அவள்தான் பெற்றாள். சுவரே வியர்க்கும் அந்தமான் மழைக்காலத்தில், உலரும்போது ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் நாசமாகிவிடும் பொருளைப் பழுதில்லாமல் செய்து முடித்தாள். நட்டநடு வேலையில் ஒன்றேகால் மணி நேரம் போன மின்சாரத்தையும் சமாளித்தாள். கடைசியாக, ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் விரல் நீளமே உள்ள ஒரு கட்டம் அவளுக்குக் கிடைத்தது. இத்தனையிலும் சின்னது அதுதான். அதற்குத்தான் நான்கு வருடத்துக்கு மேல் ஆனது.

ஷீலா, தம்பையாவுக்கும் ஒச்சம்மாவுக்கும் இரண்டாவது பிள்ளை. மூத்தவன் சந்திரசேகர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டது. தம்பையா விடிவதற்கு முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார். பால் வந்ததும் வடிகட்டுவது ஒச்சம்மா. வடிகட்டிய பாலின் மேல் நிற்கும் நுரையைத் தகட்டால் வழித்தெடுப்பது ஷீலாவின் வேலை. பத்து வயதிலேயே அவள் வழித்த தட்டில் ஒரு குமிழ் இருக்காது. குமிழ் இருந்தால் ரப்பர் ஷீட்டில் ஓட்டை விழும், மேஸ்திரி தள்ளிவிடுவார். நுரை எடுத்தபின் ஆசிட் விட்டு, தட்டை யாரும் அசைக்காமல் வைக்க வேண்டும். மறுநாள் தயிர்போல உறைந்திருக்கும். அதை உருளையில் விட்டு, தண்ணீரைப் பிழிந்து, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள்.

சுனாமி வந்தபோது ஷீலா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் மேட்டில் ஏறித் தப்பினார்கள். வீடும் பெட்டியும் பெட்டிக்குள் இருந்த காகிதங்களும் போயின. அதோடு படிப்பும் நின்றது. போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் வாடகைக்கு இருந்தார்கள். தம்பையா 2011-இல் காலமானார். சந்திரசேகர் ஜங்லிகாட் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலையில் சேர்ந்தான். ஷீலா பள்ளிக்கூடத்தில் ஆயாவாக, மருந்துக் கடையில் ஆளாக என்று பல இடம் மாறி, 2019 ஜூன் மாதம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக ஒப்பந்த வேலைக்குப் போனாள். கண்ணாடிச் சாமான் கழுவுவதும் தரை துடைப்பதும்தான் வேலை.

அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் டாக்டர் விஜயலட்சுமி; காரைக்குடிக்காரர், கண்டிப்பானவர். அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன் மதுரையிலிருந்து வந்த அஸ்வின். ஸ்டோர் அறையைப் பார்த்துக்கொண்டவர் பிஸ்வாஸ். வங்காளி, எல்லாரிடமும் ஹிந்திதான் பேசுவார், எல்லாவற்றுக்கும் சிரிப்பார்.

அவர்கள் அங்கே செய்ய முயன்றது கரியால் ஆன ஒரு பஞ்சுக் கட்டி. கார்பன் நானோகுழாய் என்று ஒரு பொடி கப்பலில் வரும். பார்க்க அடுப்புக் கரிமாதிரி இருக்கும். உண்மையில் ஒவ்வொரு துகளும் தலைமுடியைவிட ஐயாயிரம் மடங்கு மெல்லிய குழாய்களின் சிக்கு. டப்பாவைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பொடி பறந்து நெஞ்சுக்குள் போகும். முகமூடியும் கையுறையும் போட்டு வியர்க்க வியர்க்க எடை போட்டு, இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையை ஆசிட் தண்ணீரில் கரைத்து, அதில் பொடியைக் கலந்து, தட்டில் ஊற்றி உறையவைப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சும் எந்திரத்தில் இரண்டு நாள். அங்கே பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும். பனி இருந்த இடமெல்லாம் வெற்றிடமாக நிற்கும். அதை நைட்ரஜன் ஓடும் உலையில் சுட்டெடுத்தால் கட்டி தயார். உள்ளங்கை அளவு கட்டி ஒரு கிராம்தான் இருக்கும். தண்ணீரைத் தொடாது, எண்ணெயை மட்டும் குடிக்கும். படகுத்துறைகளில் மிதக்கிற டீசலையும் கழிவு எண்ணெயையும் எடுக்க இது உதவும் என்பது விஜயலட்சுமியின் கணக்கு.

செய்த ஒவ்வொரு வேலைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. பக்கத்தின் அடியில் இரண்டு கட்டம்: செய்தவர், பார்த்தவர். செய்தவர் கட்டத்தில் அஸ்வின் கையெழுத்துப் போடுவான். பார்த்தவர் கட்டத்தில் விஜயலட்சுமி மேடம் போடுவார். இரண்டு வருடம் போனபின் எடை போடுவது, கலக்குவது, தட்டில் ஊற்றுவது எல்லாம் ஷீலா கைக்கு வந்துவிட்டது. அப்போதும் கையெழுத்து அஸ்வினுடையதுதான். உதவியாள் கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்ப்பாள்.

2022 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் வெகுநேரம் மின்சாரம் இல்லாமல் போயிருந்தது. ஷீலா முதலில் வந்து உறைபெட்டியைத் திறந்தாள். அஸ்வின் வைத்திருந்த பெரிய தட்டு இளகியிருந்தது. கறுப்பாக, தயிர்போலத் தளதளவென்று. மேலே தண்ணீர் நின்றது. மூடியைத் தூக்கியதும் ஆசிட் வாடை குப்பென்று அடித்தது. கச்சால் ரப்பர் கொட்டகையில் அடிக்கும் அதே வாடை. மூளை யோசிப்பதற்குள் கை வேலை செய்துவிட்டது. கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து மேலே உருட்டி, தண்ணீரை முழுக்கப் பிழிந்து, கிளிப் போட்டு ஜன்னலோரம் தொங்கவிட்டாள். நல்லது செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

அஸ்வின் வந்து பார்த்தான்.

"அக்கா, இது என்னது?"

"தண்ணி நின்னுச்சு தம்பி. பிழிஞ்சு காயப் போட்டிருக்கேன்."

"பிழிஞ்சீங்களா?" அவன் குரலே மாறிவிட்டது. "யார் பிழியச் சொன்னா? துணியா இது?"

பிஸ்வாஸ் எட்டிப் பார்த்தார். காய்ந்து சுருங்கிக் கறுப்பாகத் தொங்கிய அந்தத் தகட்டைப் பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை. "அரே வா! தீதி நே ரொட்டி பனா தியா! சப்ஜி கஹாங் ஹை?"

அக்கா ரொட்டி சுட்டாயிற்று, தொட்டுக்கொள்ள என்ன என்று அவர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. கப்பலில் இரண்டு மாதம் காத்திருந்து வந்த பொடியில் பாதி அந்த ரொட்டிக்குள் இருந்தது.

மேடம் சத்தம் போடவில்லை. ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்திடுபவர் தவிர வேறு யாரும் ஜெல் தட்டைத் தொடக் கூடாது. எழுதிவிட்டு ஷீலாவைப் பார்த்துச் சொன்னார்: "உன்னை அனுப்பணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அனுப்பல. ஆனா இனிமே கழுவுறது, துடைக்கிறது. அதோட நிறுத்திக்கோ."

வீட்டில் ஒச்சம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஏ புள்ள, ரப்பர் பால்னு நெனச்சிட்டியா? அந்த வாடை இன்னும் ஒன் மூக்க விட்டுப் போவலயா?"

"வாடைதாம்மா. கை தானா போயிருச்சு."

ஷீலா அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, டீ நேரத்தில் அஸ்வினின் கோபம் ஆறியிருந்தபோது கேட்டாள்: "பிழிஞ்சா ஏன் தம்பி கெடுது?" அவன் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான். தண்ணீர் தண்ணீராகவே வெளியேறினால், போகிற போக்கில் சுவர்களையெல்லாம் உள்பக்கம் இழுத்து ஒட்டவைத்துவிடும். பனியாக நின்று ஆவியானால்தான் சுவர் நிற்கும். ஷீலாவுக்குச் சட்டென்று புரிந்தது. ரப்பர் ஷீட்டில் ஓட்டை இருந்தால் குற்றம். இங்கே ஓட்டைதான் சரக்கு.

அதன்பிறகு ஒரு வருடம் அவள் துடைப்பத்தோடுதான் இருந்தாள். ஆனால் குப்பையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்வின் செய்த கட்டிகள் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. எல்லாமே பிளந்தன. சின்ன டைரியில் தேதி போட்டு, எந்தப் பக்கம் பிளந்தது என்று படம் வரைந்துவைத்தாள். ஒன்பது கட்டி; ஒன்பதும் நட்டநடுவில் பிளந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனவள், ஆலையில் அச்சிலிருந்து கழற்றிய ஐஸ் பாறைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். பாறையின் நாலு பக்கமும் கண்ணாடிபோல இருந்தது. நடுவில் மட்டும் வெள்ளையாக, விரிசலோடு.

"அண்ணே, ஏன் நடுவுலயே விரியுது?"

"அச்சச் சுத்தி நாலு பக்கமும் குளுந்த உப்புத்தண்ணி நிக்குதுல்ல? ஓரம் மொதல்ல ஒறைஞ்சிரும். நடுவு கடைசி. அதுக்கு வீங்க எடம் இல்ல, விரியும்." சந்திரசேகர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஐஸ வாங்க வந்தியா, ஐஸுக்கு வைத்தியம் பாக்க வந்தியா?"

"ஒரு பக்கமா மட்டும் ஒறைஞ்சா?"

அவன் கை நின்றது. அப்படி யாரும் கேட்டதில்லை. "வீங்குறது மேல ஏறிப் போயிரும். விரியாதுன்னுதான் தோணுது. ஏன்?"

அவள் மீன் ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த தெர்மாகோல் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அஸ்வினிடம் சொன்னாள். அலுமினியத் தகடு ஒன்று. அதன் கீழே ஐஸும் உப்பும். மேலே கலவை ஊற்றிய அச்சு. நாலு பக்கமும் தெர்மாகோல். குளிர் அடியிலிருந்து மட்டும் ஏறும். அவன் கேட்டுவிட்டு, "யோசனை நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா மீன் பெட்டியை லேபுக்குள்ள கொண்டுவந்தா மேடம் நம்ம ரெண்டு பேரையும் அதே பெட்டில வச்சு மெயின்லேண்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றான். பேச்சு அத்தோடு நின்றது.

2023 செப்டம்பரில் மெயின்லேண்டிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பிளக்காத ஒரு கட்டியாவது காட்டவில்லையென்றால் திட்டம் மூடப்படும். ஷீலாவின் வேலையும் அதோடு போகும். அஸ்வின் தன் அக்கா கல்யாணத்துக்கு மதுரை போனவன், வானிலை மோசமாகி விமானங்கள் ரத்தாகிச் சென்னையில் மாட்டிக்கொண்டான். பொடி ஒரே ஒரு தட்டுக்குத்தான் மிச்சம்.

செப்டம்பர் 6, புதன்கிழமை காலை, மேடத்தின் அறைக்குப் போய் ஷீலா தன் டைரியை மேசையில் வைத்தாள். ஒன்பது படங்கள். மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதெல்லாம் யார் வரையச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். கூட்டும்போது பார்த்தேன்."

"போன வருஷம் உருட்டினியே."

"உருட்டினது நான்தான் மேடம். அதனாலதான் இனிமே உருட்ட மாட்டேன்."

மேடம் படங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. கடைசியில், "செய். எல்லாத்தையும் எழுதி வை. செய்தவர் கட்டத்தை மட்டும் விட்டுடு. அதைப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை பிஸ்வாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். சந்திரசேகர் மூன்று தடவை கழுவி, வெயில் இல்லாததால் விசிறிக் காற்றில் காயவைத்துக் கொடுத்த மீன் பெட்டி உள்ளே வந்தது. கதவில் இன்னும் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. அதைக் கடந்துதான் போனாள். மின்விசிறியை நிறுத்தி, பொடியை எடை போட்டு, கலக்கினாள். கலக்கி முடித்ததும் உடனே ஊற்றவில்லை. இருபது நிமிடம் அசையாமல் வைத்தாள். நுரை மேலே வந்து நின்றது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால், பத்து வயதில் வழித்ததைப்போலவே ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாக வழித்தாள். மூன்று தடவை. பிறகு அச்சில் ஊற்றினாள். தகட்டின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு டிகிரி. அடியிலிருந்து மேல்வரை உறைய இரண்டு மணி பத்து நிமிடம். அப்படியே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டி அகன்ற வாய்க் குடுவைக்குள் போய், காற்றுறிஞ்சும் எந்திரத்தில் மாட்டப்பட்டது. அன்றைக்கே அண்ணனிடம் சொல்லி ஒரு பெட்டி உடைத்த ஐஸும் நாலு கிலோ கல்லுப்பும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போன வருடத் திங்கட்கிழமை அவளுக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு எந்திரத்தின் உறுமல் நின்றது.

"பத்தி கயா!" மின்சாரம் போய்விட்டதென்று பிஸ்வாஸ் ஸ்டோரிலிருந்து கத்தினார். கல்லூரி ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஷீலா முதலில் குடுவையின் திருகைத் திருப்பி மூடினாள்; காற்று உள்ளே போகக் கூடாது. ஐஸில் உப்பைக் கொட்டிக் கலந்து, குடுவையைச் சுற்றிக் கழுத்துவரை அணைத்துக் கட்டினாள். வெப்பமானியைச் செருகினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதினாள். பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு, பதினேழு, பதினேழு, பதினாறு. முக்கால் மணியில் ஐஸ் தளர்ந்தது. எண் பன்னிரண்டுக்கு வந்தது. அவள் கை விரல்கள் மரத்துப்போய்ப் பேனா நழுவியது. அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "அண்ணே, இன்னொரு பெட்டி."

சந்திரசேகர் மழையில் ஸ்கூட்டரில் வந்தான். வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. பிஸ்வாஸ் ஓடிவந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "தும் ஜாவ் பாயி, மை ஹூங் நா!" நீ போ, நானிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பருத்த உடம்போடு இரண்டு மாடி ஏறினார். ஐஸ் வந்தபோது எண் பத்து. புது ஐஸ், புது உப்பு. பதினான்கு. பதினாறு. மூன்று முப்பத்தைந்துக்கு மின்சாரம் வந்தது. எந்திரம் பழைய நிலைக்கு வந்தபின்தான் திருகைத் திறந்தாள். பிஸ்வாஸ் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "தீதி, இஸ் பார் ரொட்டி நஹி, ஹாங்?" இந்தத் தடவை ரொட்டி வேண்டாம் என்றார். அப்போது ஷீலா சிரித்தாள்.

திங்கட்கிழமை உலை. செவ்வாய்க்கிழமை காலை மேடம் தன் கையாலேயே உலையைத் திறந்தார். நீளம் பத்து சென்டிமீட்டர், அகலம் ஐந்து, உயரம் இரண்டு. விரிசல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் இல்லை. எடை ஒன்று புள்ளி ஒன்று நான்கு கிராம். மேடம் அதைத் தூக்கிப் பூந்தொட்டியில் இருந்த பெரணி இலையின்மேல் வைத்தார். இலை வளையவில்லை. விரலால் பாதி உயரத்துக்கு அமுக்கிவிட்டார்; மெல்ல எழுந்து பழைய உயரத்துக்கு வந்தது.

புதன்கிழமை மாலை அஸ்வின் வந்து சேர்ந்தான். மேடம் நோட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். "கட்டம் வெறுமையா இருந்தா நாளைக்குக் கேள்வி கேப்பாங்க. நீ போட்டுடு."

ஷீலா சிங்க்கில் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை, ஆனால் காது அங்கேதான் இருந்தது.

அஸ்வின் பேனா மூடியைத் திறந்தான். பக்கத்தைப் படித்தான். மூடியைத் திரும்பப் போட்டான். "மேடம், இந்தத் தேதில நான் சென்னைல மாட்டிக்கிட்டிருந்தேன். ஏர்போர்ட்ல சண்டை போட்டதுக்குச் சாட்சியே இருக்கு."

மேடம் புத்தகத்தை மூடிவைத்தார்.

வியாழக்கிழமை குழு வந்தது. ஜங்லிகாட்டில் மொண்ட கடல்தண்ணீரில் படகு எஞ்சினின் கறுப்பு எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார்கள். கட்டியிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. எடை பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று கிராம். அஸ்வின் அதை மேலே போட்டான். அது மிதந்தபடியே எண்ணெயை இழுத்தது. சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. துண்டை எடுத்து எடை போட்டால் பதின்மூன்று கிராம். குழுவில் மூத்தவர், வெள்ளைத் தாடிக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார்.

"நுரை எடுக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம்னு இருக்கே. ஏன் இருபது?"

அஸ்வின் நேராகச் சொன்னான்: "எனக்குத் தெரியாது சார். அக்காவைக் கேக்கணும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஷீலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பதினஞ்சுல சின்ன குமிழ் இன்னும் ஏறிட்டிருந்துச்சு சார். இருபதுல நின்னுருச்சு. அதுக்கு மேல வச்சா பொடி அடில எறங்குது. ரப்பர் பாலுக்கு இவ்ளோ நேரம் வேணாம். இது கெட்டியா இருக்கு." அவர் இன்னும் ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் டைரியைப் பார்க்காமல் சொன்னாள். மின்சாரம் போனதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் டைரியைத் திறந்து ஐந்து நிமிடக் கணக்கைக் காட்டினாள்.

அவர் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "செய்தவர் யாரும் இல்லையே?"

விஜயலட்சுமி எழுந்தார். கதவு வரைக்கும் நடந்தார். ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்து, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து பேனாவை நீட்டினார்.

"செய்தது நீதானே. போடு, ஷீலா."

சம்பளப் பதிவேட்டில் ஐம்பது மாதம் கையெழுத்துப் போட்டவள்தான். அதெல்லாம் வாங்கிக்கொண்டதற்கு. பேனாவை வாங்குமுன் கையைப் புடவையில் இன்னொரு தடவை துடைத்தாள். கட்டத்தைத் தாண்டிவிடாமல், எழுத்தைக் கூட்டி, தமிழிலேயே எழுதினாள்: த. ஷீலா. பிஸ்வாஸ் ஸ்டோர் வாசலில் நின்று கைதட்டினார். பக்கத்தில் தேதிக்கென்று ஒரு சின்ன இடம் இருந்தது. அதையும் அவளே நிரப்பினாள்.

14 செப்டம்பர் 2023, வியாழக்கிழமை.